தூக்கமே இல்லாத எக்ஸ் சர்வீஸ்மேன் கணவர்: கடலூர், பாண்டி பக்கம் யாரிடம் காட்டுவது?

கெடிலக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூர். என் வீட்டுக்காரர் 1990இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து 2014இல் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். நடுவில் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் போட்டு காஷ்மீரில் இருந்தார். இப்போது ஒரு வங்கியில் கன்மேன் வேலை. துப்பாக்கியும் லைசென்ஸும் அவருடையதே.

வெளியே பார்க்கிறவர்களுக்குத் தங்கமான மனிதர். கடன் கிடையாது, வம்பு கிடையாது. பிரச்சினை எல்லாம் ராத்திரியில்தான். பத்தரைக்குப் படுப்பார், ஒரு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். பின்கதவுத் தாழ்ப்பாள், மாடிக்கதவு, கேட் பூட்டு என்று ஒரு சுற்று வருவார். அப்புறம் ஹாலில் விளக்கைப் போடாமல், வாசலைப் பார்த்தாற்போல நாற்காலியைப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட “நான்தாங்க, நான்தாங்க” என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சத்தமில்லாமல் பக்கத்தில் போய் ஒருநாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பிடித்தது யாரை என்று தெரிந்ததும் அவர் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். டியூஷனிலிருந்து அழைத்து வரும்போது லாரன்ஸ் ரோட்டில் ஒரு கட்டைப்பை அநாதையாகக் கிடந்திருக்கிறது. வண்டியைத் திருப்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கீரைக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அம்மா என்றாள் இவள். அவருக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்து என்ன, கை நடுங்குகிறதே.

சொந்தக்காரர்கள் பகையாகிப் போனது வேறு விஷயத்தில். அவர் எந்தச் சாவுக்கும் போகமாட்டார். கூடப் பிறந்த அண்ணன் செத்தபோதே தெருமுனை டீக்கடையோடு நின்றுவிட்டார். “பட்டாளத்துத் திமிர்” என்று அண்ணியின் வீட்டார் இன்றுவரை பேசுவதில்லை. அவருடைய பழைய யூனிட்காரர் ஒருவர் வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. இறந்த ஜவான்களின் பெட்டியோடு அவர்கள் ஊருக்குப் போகிற டூட்டி இவருக்கு அடிக்கடி விழுந்திருக்கிறது. பெட்டியைத் திறக்கச் சொல்லி அந்த வீட்டு அம்மாக்கள் காலைப் பிடிப்பார்களாம். திறக்கக் கூடாத பெட்டிகளும் இருக்குமாம். இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கேன்டீன் ரம் வேறு. முன்பு கோட்டாவில் பாதியை யாருக்காவது கொடுத்துவிடுவார். இப்போது கோட்டா போதாமல் பாண்டியிலிருந்து வருகிறது.

ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். உட்காரச் சொல்லக்கூட நேரமில்லாமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் டாக்டர் பேச்சை எடுத்தாலே “எனக்கென்ன பைத்தியமா?” என்கிறார்.

ஈசிஹெச்எஸ்ஸில் (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) மனசு சம்பந்தப்பட்ட வைத்தியம் உண்டா? பேர் வெளியே போகுமா? போனால் கன்மேன் வேலை என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சில்வர்பீச் எழுதியது:

அக்கா, முதலில் 14416க்கு ஒரு போன் போடுங்க. டெலி மானஸ். 2022 அக்டோபரில் ஆரம்பித்த மத்திய அரசு சேவை, நம்ம மாநிலத்தில் “நட்புடன் உங்களோடு” என்று பேர். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டில் இருப்பவரும் பேசலாம். எங்கள் பாட்டிக்காக என் அம்மா பேசியிருக்கிறார்கள். படையில் இருப்பவர்களுக்கென்று இதே டெலி மானஸில் ஒரு தனிப்பிரிவை 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்கள். ஆனால் உங்களுக்கு நம்ம ஊர்க்காரர் எடுத்தால்தான் பேச்சு ஓடும், சாதாரணமாகவே கூப்பிடுங்க.

குறிஞ்சிப்பாடி அம்மா எழுதியது:

என் வீட்டுக்காரர் சிஆர்பிஎஃப். எங்களுக்கு ஈசிஹெச்எஸ் கிடையாது, மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ்தான். அதை விடுங்கள், நாங்கள் அதைத் தேடிப் போகவே இல்லை. மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்று எல்லா மாவட்டத்திலும் வைத்திருக்கிறார்கள். மருந்தும் இலவசம்.

அவரை எப்படிக் கூட்டிப்போனேன் என்று சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். சுகர் செக்கப் என்று சொல்லித்தான் கிளப்பினேன். ரத்தம் கொடுத்த கையோடு “இந்த டாக்டரையும் பார்த்துவிடுவோம்” என்று நைசாக உள்ளே தள்ளிவிட்டேன். போர்டைப் பார்த்ததும் முறைத்தார். ஆனால் உள்ளே அந்தப் பொண்ணு (டாக்டர்தான், என் பெண் வயசு இருக்கும்) “எந்த பட்டாலியன் சார்? தண்டேவாடா பக்கமா?” என்று ஆரம்பித்ததும் மனிதர் உட்கார்ந்துவிட்டார். இப்போது ராத்திரி தூங்குகிறார். குறட்டைதான் தாங்கவில்லை.

முன்னாள் ஏஎம்சி, பாகூர் எழுதியது:

தங்கச்சி, நான் ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்தவன். சைக்கியாட்ரி வார்டிலும் டூட்டி பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் வர மறுக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் டாக்டர் விலாசத்தை மட்டும் வாங்கிப் பிரயோஜனமில்லை. ஆர்மியில் ஒவ்வொருத்தனுக்கும் மெடிக்கல் கேட்டகரி உண்டு. ஷேப் என்பார்கள். காது, கைகால், உடம்பு, கண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. அதில் முதல் எழுத்து எஸ், அது மனசுக்கு. ஷேப் ஒன் என்றால் எல்லாம் சரி. காலில் அடிபட்டு ‘ஏ’ இறங்கினால் பசங்க கூடி நின்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். ‘எஸ்’ இறங்கினால் கதையே வேறு. ஆயுதத்தைக் கையில் கொடுக்க யோசிப்பார்கள், கோர்ஸ் நின்றுபோகும், புரமோஷன் தள்ளிப்போகும், லங்கரில் தட்டோடு உட்காரும்போது பக்கத்து ஆள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவான். அதனால் தூக்கம் வரவில்லை என்று யாரும் ரிப்போர்ட் பண்ணமாட்டான். தலைவலி என்பான், வயிற்றெரிச்சல் என்பான். நான் பார்த்த ஜெலுசில் கணக்குக்கு ஆர்மி முழுக்க அல்சர் இருந்திருக்க வேண்டும்.

இருபத்திநாலு வருஷம் அந்த எழுத்தை ஒன்றிலேயே வைத்திருக்கப் பழகினவர் உங்கள் வீட்டுக்காரர். அவருக்கு இப்போது கேட்டகரி இல்லை, போர்டு இல்லை, சி.ஓ. இல்லை. டிஸ்சார்ஜ் புக்கில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அந்த எழுத்து போய்விட்டது. ஆனால் இதை நீங்கள் சொன்னால் ஏறாது. அந்த யூனிட்காரர் வந்து போனார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் வாயால் வர வேண்டும். அவரும் பார்த்தவர், அவரும் பெட்டி தூக்கியிருப்பார். போன் போட்டு வரச்சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட வந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, காகித விஷயத்துக்கு வருகிறேன். ஈசிஹெச்எஸ் 2003 ஏப்ரல் 1இல் வந்தது. அதற்குப் பிறகு பென்ஷனோடு ரிட்டயர் ஆனவர்கள் எல்லோரும் கட்டாயமாக உறுப்பினர்கள். அவருக்குக் கார்டு இருக்கும், உங்களுக்கும் தனியாக இருக்கும். மனநல வைத்தியம் அதில் அடக்கம், சந்தேகமே வேண்டாம். வழி இதுதான்: பாலிகிளினிக்கில் மெடிக்கல் ஆபீசர் பார்த்து ரெஃபரல் எழுத வேண்டும். அதை வைத்துக்கொண்டு எம்பேனல் ஆன (ஈசிஹெச்எஸ் பட்டியலில் சேர்ந்த) தனியார் மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகலாம். சைக்கியாட்ரி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொதுவாக மெடிசின் என்று எழுதிவிட்டால் அங்கே போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் தடவை அவர் இல்லாமல் நீங்கள் மட்டும் போங்கள். இதைப் பலர் செய்வதில்லை. எம்.ஓ.விடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இங்கே எழுதிய எல்லாவற்றையும், முக்கியமாக மணிக்கட்டையும் ரம்மையும், சொல்லுங்கள். அவர் எதிரில் உட்கார்ந்தால் “எல்லாம் ஓகே சார்” என்ற ஒரே பதில்தான் வரும். எங்கள் ஆட்களுக்கு அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

எங்கே போவது? நான் ஜிப்மரைச் சொல்வேன். பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோரிமேட்டுக்கு டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கடலூரிலேயே வேண்டுமென்றால் மேலே அந்த அம்மா சொன்ன மஞ்சக்குப்பம். தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி. ஜிப்மரில் முதல் நாள் அரை நாள் போய்விடும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் ஜூனியர் டாக்டர் உட்கார்ந்து சின்ன வயசிலிருந்து எல்லாம் கேட்பார். உங்களைத் தனியாக அழைத்துக் கேட்பார். அப்புறம்தான் பெரிய டாக்டர்.

நான் அங்கே ஆள் கூட்டிப்போகும்போது கவனிக்கிற ஒரு விஷயம் உண்டு. ஓபி வராந்தாவில் அவரை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்று பாருங்கள். கூட்டத்துக்கு நடுவில், முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற இடத்தில் உட்கார வைத்தால் அரைமணியில் எழுந்து போய்விடுவார். நீங்கள் திமிர் என்று நினைப்பீர்கள். சுவரோரமாக, வெளியே போகிற வழி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். டோக்கனை நீங்கள் வைத்துக்கொண்டு அவரை வெளியே மரத்தடியில் நிற்க விட்டாலும் சரி. நம்பர் வந்ததும் போன் போடுங்கள்.

மருந்து பற்றி: தூக்க மாத்திரையோடு நிறுத்துகிற டாக்டர் வேண்டாம். இந்த மாதிரி நிலைக்குச் செர்ட்ரலின் போன்ற மருந்துகளை ஆரம்பிப்பார்கள். வேலை செய்ய சில வாரம் ஆகும், முதல் வாரம் வயிறு கொஞ்சம் படுத்தும். எங்கள் ஆட்கள் பத்தாம் நாளே “இது கேட்கவில்லை” என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். மருந்தோடு பேசிச் செய்கிற சிகிச்சையும் உண்டு. பார்த்ததை, செய்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, ஒதுங்கி ஓடுகிற இடங்களுக்குத் திரும்பப் போகப் பழக்குவது. அது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் செய்கிற வேலை. உண்டா என்று நீங்களாகக் கேளுங்கள். கூட்டம் அதிகமான ஓபியில் கேட்காமல் கிடைக்காது. சாவு வீட்டு விஷயம் அதில்தான் சரியாகும், மாத்திரையில் ஆகாது. மாதாமாதம் மருந்து பாலிகிளினிக் பார்மசியில் வாங்கலாம். ஸ்டாக் இல்லையென்றால் என்ஏ (கைவசம் இல்லை) என்று குறித்துத் தருவார்கள், அவர்கள் சேர்த்துக்கொண்ட மருந்துக்கடையில் கிடைக்கும்.

குறிஞ்சிப்பாடி அம்மாவுக்கு: உங்கள் வீட்டில் நடந்தது நல்லதாகப் போயிற்று, சந்தோஷம். ஆனால் எல்லோருக்கும் அதைச் சொல்லமாட்டேன். ஏமாற்றிக் கூட்டிப்போனதாக நினைத்துவிட்டால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறமாட்டான் பட்டாளத்துக்காரன். “தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறோம்” என்றாலே போதும். அது பொய்யும் இல்லை.

குறிஞ்சிப்பாடி அம்மா எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் தூக்கத்துக்கு என்றாலும் வரமாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? கூட வர யூனிட்காரர் இல்லாதவர்கள் என்ன செய்வது? எனக்கு அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை.

பட்டாளத்தான் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல சோல்ஜரை நோயாளி ஆக்கிவிடாதீர்கள். எங்கள் காலத்தில் 1987இல் யாழ்ப்பாணம் போய்த் திரும்பினவன் எவனும் கவுன்சிலிங் போகவில்லை. ஊருக்கு வந்தோம், நெய்வேலியில் வேலை பார்த்தோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். வேலையில்லாத மூளைக்குத்தான் இதெல்லாம். ஒரு மாடு வாங்கிக் கட்டச் சொல்லுங்கள், நாலு மணிக்குத் தானாக எழுந்து பால் கறப்பார். இன்னொன்று, ஆஸ்பத்திரி ரிக்கார்டில் ஏறிவிட்டால் துப்பாக்கி லைசென்ஸ் போய்விடும், வேலையும் போய்விடும். யோசித்துச் செய்யுங்கள்.

முன்னாள் ஏஎம்சி, பாகூர் எழுதியது:

சார், மாடு நல்லதுதான். ஆனால் அவர் ஏற்கெனவே ஒரு மணிக்கே எழுந்துவிடுகிறார், நாலு மணிவரை மாட்டிடம் என்ன செய்வார்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உங்கள் பேட்ச்சில் குடித்தே போனவர்கள் எத்தனை பேர் என்று நீங்களும் நானும் கணக்குப் போட்டால் இந்தப் பக்கம் போதாது. அவர்கள் யாருடைய சாவுச் சான்றிதழிலும் ஆபரேஷன் பவன் (அந்த யாழ்ப்பாண நடவடிக்கையின் பேர்) என்று எழுதவில்லை, கல்லீரல் என்றுதான் எழுதியிருக்கும்.

லைசென்ஸ் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி, அதனால் அதை ஒதுக்கிவிட முடியாது. ஆயுதச் சட்டத்தில் மனநிலை சரியில்லாதவருக்கு லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. தூக்கமின்மைக்கு ஓபியில் மருந்து சாப்பிடுவது அந்தக் கணக்கில் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் கலெக்டருக்கோ வங்கிக்கோ கடிதம் போடுவதில்லை. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. விதிவிலக்கும் உண்டு, அவரால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்ற நிலைமை வந்தால். அந்த நிலைமை வராமல் இருக்கத்தானே வைத்தியம்?

பென்ஷன்தாரர் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. இதற்கு டிசபிலிட்டி பென்ஷன் கேட்க முடியுமா?

முன்னாள் ஏஎம்சி, பாகூர் எழுதியது:

சர்வீஸில் இருக்கும்போதே நோய் கண்டு, மெடிக்கல் போர்டு போட்டு வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு வழி தெளிவு. சேரும்போது மருத்துவப் பதிவில் குறிப்பு இல்லாத நோய், சர்வீஸில் வந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஷேப் ஒன்னில் முழுசாக முடித்து வெளியே வந்தவருக்கு அது நீண்ட போராட்டம். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, வக்கீல் வைத்துக் கேட்கலாம். இந்தத் தங்கச்சி இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். பென்ஷனுக்காக வியாதி சொல்கிறோம் என்று அவருக்கே தோன்றிவிட்டால் எல்லாம் கெட்டது.

கெடிலக்கரை எழுதியது:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அந்த யூனிட் அண்ணனிடம் பேசிவிட்டேன், விழுப்புரத்தில் இருக்கிறார், வருகிறேன் என்றார். “நானே மூணு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்மா, அவன்கிட்ட சொல்லலை” என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

ஏஎம்சி அண்ணா, இரண்டு சந்தேகம். ரம்மை நான் மறைத்து வைத்து, ஒரேயடியாக நிறுத்திவிட்டுக் கூட்டிப்போகலாமா? எங்கள் தெருச் சுவரில் “குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த” என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், அதை வாங்கிச் சாப்பாட்டில் கலக்கலாமா என்று என் தங்கை கேட்கிறாள். இன்னொன்று, துப்பாக்கி. பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன மாதம் ஒருநாள் ராத்திரி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடைக்கிறேன் என்றார். துணி எதுவும் கையில் இல்லை.

முன்னாள் ஏஎம்சி, பாகூர் எழுதியது:

தங்கச்சி, துப்பாக்கி விஷயம்தான் முதல். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லோரும் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்களே, அதே மாதிரி இப்போதும் ஒப்படைத்து ரசீது வாங்கலாம். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலும் வைக்கலாம். யூனிட் அண்ணன் வந்ததும் முதல் வேலையாக அவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள்: “கொஞ்ச நாள் லீவு போடு, இதை உள்ளே கொடுத்துட்டு வந்துடலாம், நானும் வர்றேன்.” ஆயுதத்தைக் கோத்தில் (யூனிட்டின் ஆயுத அறை) ஒப்படைப்பது அவருக்குப் புதுசு இல்லை, டூட்டி முடிந்தால் தினம் செய்தது. நீங்கள் எடுத்து ஒளித்து வைத்தீர்கள் என்றால்தான் சண்டை வரும். அதுவரைக்கும் தோட்டாவாவது துப்பாக்கியை விட்டுத் தள்ளி, தனிப் பூட்டில் இருக்கட்டும், அவருக்குத் தெரிந்தே. சம்பளம் கொஞ்ச நாள் நிற்கும், தெரியும். நிற்கட்டும்.

ஒன்று நேராகவே கேளுங்கள்: “செத்துப் போகலாம்னு தோணுதாங்க?” என்று. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கேட்பதால் வராது. இருக்கிற எண்ணத்தைச் சொல்ல ஒரு வாசல் கிடைக்கும், அவ்வளவுதான். ஆமாம் என்றால், அல்லது பதிலே சொல்லாமல் பார்த்தால், ரெஃபரலுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, அல்லது 108. எமர்ஜென்சியில் எந்த மருத்துவமனையிலும் சேர்க்கலாம், எம்பேனல் ஆகாத இடமானாலும் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட்டால் ஈசிஹெச்எஸ்ஸில் கேட்க முடியும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் வேண்டாம். முயற்சி செய்தவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

ரம்: ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். தினம் குடித்துப் பழகின உடம்பு திடீரென்று நின்றால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள்ளேயே வலிப்பு வரலாம், ஆள் தெரியாமல் பேசுவார், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து. வார்டில் அப்படிப்பட்டவர்களைக் கட்டிலோடு பிடித்து நின்றிருக்கிறேன். டாக்டரிடம் அளவைச் சரியாகச் சொல்லுங்கள், தேவையென்றால் உள்ளே சேர்த்து மருந்து கொடுத்து இறக்குவார்கள். கேன்டீன் கார்டைப் பிடுங்கி வைக்கிற வேலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போஸ்டர் மருந்தை வாங்கவே வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று ஒட்டினவனுக்கே தெரியாது. டைசல்பிராம் (குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கிற மருந்து) மாதிரி ஏதாவது இருந்தால், தெரியாமல் அதன்மேல் குடிக்கிறவருக்கு ரத்த அழுத்தம் விழுந்து போய்விடும். சாப்பாட்டில் எதையும் கலக்காதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையானாலும் கலக்காதீர்கள். ராத்திரி தாழ்ப்பாளைச் சரிபார்க்கிற மனுஷன், வீட்டுச் சோற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தால் எங்கே போவார்?

முத்தியால்பேட்டை எழுதியது:

எங்கள் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவில் இருந்தவர். பாண்டியில் எங்களைப் போன்ற குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சு பென்ஷன் வந்தது, வீடு கட்டினார், எல்லோருக்கும் பொறாமை. அவர் கடைசிவரை மேசையில் கத்தி வைக்க விடமாட்டார், பிரெட்டைக் கையாலேயே பிய்க்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மற்ற சொல்தாக்களோடு உட்கார்ந்து சீட்டு விளையாடும்போது மட்டும் பேசுவார், அதுவும் பிரெஞ்சில், எங்களுக்குப் புரியக் கூடாது என்று. அந்த அண்ணன் விழுப்புரத்திலிருந்து வருகிறார் என்றதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. அவர் ஒருநாளோடு திரும்பிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது, ரசீது என் கையில். யூனிட் அண்ணன்தான் கூட்டிப்போனார். நீங்கள் சொன்ன அந்தக் கேள்வியையும் கேட்டேன். “முன்னாடி தோணும், இப்ப இல்லை” என்றார். முன்னாடி என்றால் எப்போது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. 14416இல் பேசியபோது அந்தப் பெண்ணும் இதையேதான் கேட்டார், டாக்டரிடம் அந்தப் பதிலை அப்படியே சொல்லுங்கள் என்றார்.

திங்கட்கிழமை பாலிகிளினிக்குக்கு நான் மட்டும் போகிறேன். அண்ணா, அவருடைய பென்ஷன் ஆர்டரில் என் பேர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது. கார்டில் ஆர்டரில் உள்ளபடிதான் போட்டிருக்கிறார்கள். ரெஃபரல் தரமாட்டேன் என்பார்களா?

முன்னாள் ஏஎம்சி, பாகூர் எழுதியது:

ரெஃபரல் அவர் பேரில்தானே, உங்கள் பேரில் எழுத்துப் பிழை இருந்தால் அதற்குத் தடையில்லை. இரண்டு பேர் கார்டும் ஆதாரும் எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் புக் நகல், அந்தத் தனியார் கிளினிக் சீட்டு, இப்போது சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை ஏதாவது இருந்தால் அதன் அட்டை, எல்லாம் ஒரு பையில். ரெஃபரலுக்குச் செல்லுபடி நாள் உண்டு, வாங்கினதும் தேதியைப் பாருங்கள்.

பேர் திருத்தம் தனி வேலை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தால் வெலிங்டனில் இருக்கிற ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்புவார்கள். அதை அவரையே செய்யச் சொல்லுங்கள். லீவில் இருக்கிறார், பகலில் ஒரு வேலை வேண்டும்.